ஏப்ரலில் தெரிந்தது, செப்டெம்பரில் கிளம்பினான்: ஃப்ரோடோ வீட்டைவிட்டுப் போன நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிக்கிறேன். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மழைக்காலம் முழுக்க ஜே.ஆர்.ஆர். டோல்கியனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பேன், பிறகு அதைத் தமிழில் சொல்வேன். போர் வருகிறது, மரங்கள் நடக்கின்றன, பாதாளத்தில் நெருப்புப் பூதம் எழுந்து வருகிறது. பிள்ளைகள் ஓயாமல் கேட்டதோ தொடக்கத்தில் வரும் ஒரு காரியத்தைத்தான்: அவன் ஏன் உடனே கிளம்பல? கூட்டிப்போக வந்த அம்மாமாரும் அதையே கேட்டார்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் அந்தக் கதையை வாசிக்கவில்லை. என்ன நடக்கிறது?

1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். ஷயர் என்ற பச்சைப்பசேல் நாட்டில் ஹாபிட் என்னும் குள்ள மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஃப்ரோடோ. அவனை வளர்த்த பில்போ ஊரைவிட்டுப் போகும்போது ஒரு மோதிரத்தை அவனிடம் விட்டுப் போகிறார். பதினேழு வருடம் அது வீட்டிலேயே கிடக்கிறது. பிறகு ஓர் ஏப்ரல் காலையில் கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி, அது சவுரோன் என்னும் கொடியவன் தேடிக்கொண்டிருக்கும் மோதிரம் என்று சொல்கிறார். அது ஷயரில் இருக்கும்வரை ஷயருக்கு ஆபத்து. நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஃப்ரோடோ அன்றைக்கே ஒப்புக்கொள்கிறான். வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கியது செப்டெம்பர் 23ஆம் திகதி மாலை. நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல்.

படத்தில் அன்றைக்கே கிளம்பிவிடுகிறானே?

ஆமாம். 2001இல் வந்த படத்தில் விஷயம் தெரிந்த கையோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். மூன்று மணி நேரத்தில் கதை சொல்ல வேண்டியவர்கள் அப்படித்தான் செய்தாக வேண்டும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் நாவலில் அவன் கோடைகாலம் முழுக்க வீட்டில் இருக்கிறான் என்று கேட்டதும் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோடைதான் இந்தக் கதையின் அடிவாரம்.

அவ்வளவு ஆபத்தான சாமானை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் என்ன செய்தான்? பயமா?

பயமும் உண்டு. அதை நாவல் மறைக்கவில்லை. சத்தமில்லாமல் போ, சீக்கிரம் போ என்று கேண்டால்ஃப் சொல்லி இரண்டு மூன்று வாரம் ஆகியும் அவன் ஒரு துணியைக்கூட மடித்து வைக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்று தெரியும், போக மனமில்லை.

ஆனால் அவன் சொல்லும் காரணத்திலும் உண்மை இருக்கிறது. பதினேழு வருடத்துக்கு முன்னால் பில்போ பிறந்தநாள் விருந்துக்கு நடுவில் எல்லோர் கண்ணெதிரே மாயமாய் மறைந்துவிட்டார். ஊர் அதை இன்னும் பேசி முடிக்கவில்லை. இப்போது இவனும் திடீரென்று காணாமல் போனால் கதை காற்றைவிட வேகமாய்ப் பரவும். எதிரிக்கோ ‘ஷயர்’, ‘பேகின்ஸ்’ என்ற இரண்டு சொற்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன; பேகின்ஸ் என்பது பில்போ, ஃப்ரோடோ இருவரின் குடும்பப் பெயர். ஊருக்குத் தெரியாமல் நழுவ வழி கிடைக்குமென்றால் கொஞ்சம் தாமதிப்பதில் தவறில்லை என்று கேண்டால்ஃபே ஒப்புக்கொள்கிறார். ரொம்பவும் தாமதிக்காதே என்ற எச்சரிக்கையோடுதான்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முதல் காம்பராவில் (அறையில்) இருமினால் ஆறாவது காம்பராவில் கேட்கும். ஒரு பையன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டால் காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிய, ஆள் சேருவதற்குள் கடன், காதல், பொலிஸ் என்று மூன்று கதை பிறந்திருக்கும். பேச்சு வாங்குவது போனவன் இல்லை, இருக்கிற அம்மாவும் தங்கச்சியும். என் அண்ணன் கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வேலைக்குப் போவதை இரண்டு மாதம் முன்னாலேயே, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்ல வைத்தார் அம்மா. தீபாவளிக்குள் அது பழைய செய்தியாகிவிட்டது. அவன் கிளம்பிய அன்று யாரும் வாசலுக்குக்கூட வரவில்லை.

இன்னொரு விஷயமும் அந்த ஐந்து மாதத்தில் நடக்கிறது. அந்த வருடம் ஷயரில் கண்டறியாத விளைச்சல். ஆப்பிள் மரங்கள் காய்ப்பாரம் தாங்காமல் நிற்கின்றன, தேனடை வழிகிறது, கதிர் உயர்ந்து முற்றியிருக்கிறது. விட்டுப் போகப் போகிறவனுக்கு ஊர் அத்தனை அழகாகத் தெரிகிறது. ஏறக்குறைய ஆயிரம் பக்கம் தாண்டி, மோதிரத்தை அழிக்க எரிமலைக்குப் போகும் வழியில், தோழன் சாம் பழைய நாளொன்றை நினைவுபடுத்துகிறான். ஃப்ரோடோவுக்குச் சாப்பாட்டின் ருசியோ தண்ணீரின் குளிர்ச்சியோ ஒரு மரமோ புல்லோ எதுவும் நினைவுக்கு வரவில்லை. மோதிரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அந்த இடத்தை வாசித்தபோது நான் நிறுத்தி, முன்னாலே போய் ஆப்பிள் மரப் பகுதியை மறுபடி வாசித்தேன். அவன் இழந்தது எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏப்ரலில் அன்றைக்கே ஓடியிருந்தால் அந்த இழப்பை நாம் அளந்து பார்த்திருக்கவே முடியாது.

ஏன் பிறந்தநாள்? நல்ல நாள் பார்த்தானா?

இதைக் கேட்டது ஓர் அம்மா. நல்ல கேள்வி. செப்டெம்பர் 22 ஃப்ரோடோவுக்கும் பில்போவுக்கும் ஒரே பிறந்தநாள். அந்த வருடம் ஃப்ரோடோவுக்கு ஐம்பது. பில்போ தன் முதல் பயணத்துக்குக் கிளம்பியதும் ஐம்பது வயதில்தான். கடைசியாக ஊரைவிட்டுப் போனது இதே செப்டெம்பர் 22இல். வளர்த்தவரின் வழியில் போகிறவன் அவர் போன நாளிலேயே போக விரும்புகிறான். பஞ்சாங்கம் பார்க்கவில்லை என்றாலும், செய்தது நம்முடைய பெரியவர்கள் செய்வதைத்தான். மனம் ஒரு பெரிய காரியத்துக்கு ஒப்பாதபோது நாளைப் பிடித்துக்கொள்கிறது.

அண்ணன் போகும்போது வீட்டில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொழும்பு மேற்கே. ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம், ஆகவே அவை வேண்டாம். செவ்வாய் எதற்கும் ஆகாது. பத்தாம் திகதி சம்பளம் வராமல் கையில் காசில்லை. இப்படிக் கழித்துக் கழித்து ஒரு வியாழக்கிழமை மிஞ்சியது. அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் அம்மா சூலத்தையே எடுத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஃப்ரோடோ 22ஆம் திகதி இரவு நான்கு நண்பர்களோடு சாப்பிடுகிறான். கேண்டால்ஃப் வரவில்லை. அவருக்காக ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு கிளம்புகிறான்.

வீட்டை விற்றதும் பொய் சொன்னதும் சரியா?

தன் வீட்டை, அதன்மேல் நெடுநாள் கண்வைத்திருந்த லொபீலியா என்ற உறவுக்காரிக்கு விற்றுவிடுகிறான். கையிருப்புக் கரைந்துவிட்டது, பக்லாந்து பக்கம் சின்ன வீடு ஒன்றுக்குக் குடிபோகிறான் என்று ஊர் நம்புகிறது. நண்பன் மெரி வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு உண்மையாகவே அங்கே முன்னால் போகிறான்.

சரி என்றே நான் சொல்வேன். கிளம்பும் அதே மாலையில் சவுரோனின் கறுப்புக் குதிரைவீரன் ஒருவன் ஊருக்குள் வந்து, சாமின் வயதான அப்பாவிடம் பேகின்ஸ் எங்கே என்று விசாரிக்கிறான். கிழவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்: பக்லாந்துக்குக் குடிபோய்விட்டார். உண்மை தெரிந்த மனிதரிடம் அவன் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃப்ரோடோவின் பொய் அந்தக் கிழவரைக் காப்பாற்றியது. அதே பொய் துரத்துகிறவர்களைப் பக்லாந்துப் பக்கமும் அனுப்பியது, அதையும் சொல்ல வேண்டும்.

கடைசிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவாமல் லொபீலியாவுக்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வரியைத் தமிழில் சொன்னபோது பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாமார் ஒருசேர முகம் சுளித்தார்கள். எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு யாராவது பயணம் போவார்களா? நம் வீட்டில் ஒருவர் பயணம் கிளம்பினால் பாத்திரம் கழுவியிருக்கும். வீட்டை மட்டும் கூட்டமாட்டார்கள். போனவர் கோச்சி (ரயில்) ஏறியிருப்பார் என்று தெரியும்வரை விளக்குமாறு மூலையிலேயே நிற்கும்.

கேண்டால்ஃப் ஏன் வரவில்லை?

ஜூலை மாதம் சாருமான் என்ற இன்னொரு மந்திரவாதி அவரைச் சிறை வைத்துவிட்டான். அதற்கு முன்பே, ஜூலை முடிவதற்குள் கிளம்பிவிடு என்று ஃப்ரோடோவுக்குக் கடிதம் எழுதி, பிரீ என்ற ஊரின் விடுதிக்காரரிடம் கொடுத்திருந்தார். அவர் அனுப்ப மறந்துவிட்டார். ஃப்ரோடோ அந்தக் கடிதத்தைப் பிரித்தது செப்டெம்பர் 29ஆம் திகதி இரவு, அதே விடுதியில்.

அப்படியானால் தாமதம் தவறுதானே?

விலை கொடுத்த தாமதம். கறுப்பு வீரர்கள் ஷயருக்குள் நுழைந்ததே செப்டெம்பர் 23 விடியுமுன். ஜூலையில் போயிருந்தால் ஒருவனையும் சந்திக்காமல் கடந்திருக்கலாம். ஒக்டோபர் 6ஆம் திகதி இரவு அவன் தோளில் கத்தி இறங்கியிருக்காது. வழியில் தங்கிய ரிவெண்டெல் என்ற இடத்தில் இருந்து பயணம் டிசெம்பர் 25இல், நடுக்குளிரில், தொடங்கியிருக்காது. ஜனவரியில் மலைக் கணவாயில் பனி அடைத்து அவர்களைப் பாதாளச் சுரங்கத்துக்குள் தள்ளியிருக்காது. சிறையிலிருந்து தப்பி வந்து சேர்ந்திருந்த கேண்டால்ஃபை அங்கேதான் இழக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் ஒக்டோபர் 6 வந்தால் அவனுக்கு உடம்பு முடியாமல் போகிறது. தான் குறித்த நாள் ஒன்று, தன்மேல் விழுந்த நாள் ஒன்று என்று இரண்டையும் அவன் சுமக்கிறான். இதற்காகவே இந்த நாவலை நான் மதிக்கிறேன். கதாநாயகன் எடுத்த முடிவைச் சரியென்று காட்டுவதற்காக ஆசிரியர் திகதிகளை வளைக்கவில்லை.

பில்போ பத்தே நிமிடத்தில் கிளம்பினாரே?

அது 1937இல் வந்த ‘த ஹாபிட்’ கதை. காலைச் சாப்பாடு முடியவில்லை, பதினொரு மணிக்குள் வா என்று சீட்டு. தொப்பியும் கைத்தடியும் கைக்குட்டையும் இல்லாமல் ஓடுகிறார். பில்போ போவது புதையலுக்கு, திரும்பி வர. ஃப்ரோடோ போவது திரும்பி வருவோம் என்ற எண்ணமில்லாமல். முதலாவதற்குக் கைக்குட்டை போதும்.

சாமோட லீவ யாரு கேட்டா?

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது, சொல் மாறாமல் எழுதியிருக்கிறேன். அவளுடைய தாத்தா பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தவர். சாமும் தோட்டக்காரன்தான். ஃப்ரோடோ தன் பிறந்தநாளில் போக நாள் குறிக்கிறான், சாமுக்கு நாள் குறிக்கிற உரிமை இல்லை, முதலாளியின் நாளே அவன் நாள். ஆனாலும் ஏப்ரலில் ஜன்னலுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுப் பிடிபட்ட நேரத்திலிருந்து அவனும் ஐந்து மாதம் மனத்தைத் தயார்ப்படுத்துகிறான். கடைசி நிமிடத்தில் கூப்பிட்டால் நிலவறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறான், பியர் பீப்பாயிடம் விடைபெற்றிருக்கிறான். ரோசி என்ற பெண் இருக்கிறாள் என்பது நமக்கு ரொம்பப் பிறகுதான் தெரிகிறது. ஒரு வருடம் கழித்து வரும் அவனிடம், வசந்தத்திலிருந்தே உன்னை எதிர்பார்த்திருந்தேன் என்கிறாள். அவளிடம் நாளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நம்முடைய கதைகளில் இப்படி நாள் குறித்துப் போகிறவர்கள் உண்டா?

நினைத்துப் பார்த்தால், நாள் குறிக்க முடியாமல் போனவர்கள்தான் அதிகம். இராமனுக்கு முடிசூட்டும் நாளே காட்டுக்குப் போகும் நாளாகிறது. கோவலனும் கண்ணகியும் பொழுது விடியாத இருட்டில், ஊருக்குச் சொல்லாமல் புகாரைவிட்டு இறங்குகிறார்கள்.

மலையகத்தில் இதை நாம் கண்ணால் பார்ப்பது மாசி மாதத்துக் காமன் கூத்தில். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் போக வேண்டும், தேவர்களின் ஏவல். ரதி போக விடமாட்டேன் என்கிறாள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ரதி வேசம் கட்டியவர் பகலில் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த மாமா. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் அவர் மன்மதனுக்கு முன்னால் போய்ப் போய் நின்றார். தான் கண்ட கெட்ட கனவைப் பாடினார். ஒரு கையால் மன்மதனின் அங்கியைப் பிடித்திருந்தார், விரல் நகங்களில் தேயிலைக் கறை. எரிந்து சாம்பலாகப் போகிறான் என்று பார்த்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் அப்பாயி என் பக்கத்தில், “இன்னொருக்கா பாடட்டும், இன்னொருக்கா பாடட்டும்” என்று முணுமுணுத்தார். ரதி பாடும்வரை அவன் போக முடியாதல்லவா? ஃப்ரோடோவின் கோடையை நான் வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் விழுகிறது.

நாள் குறிக்க முடியாமல் போகிறவன் கதாநாயகன் இல்லையா?

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நம் எல்லோர் வீட்டிலும் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான நம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையிலிருந்து கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கடிதத்தில் வரும் திகதிதான் திகதி.

அப்பாயியின் பக்கத்துக் காம்பராக் குடும்பத்துக்கு அப்படி ஒரு திகதி வந்தது. அவர்கள் போட்டிருந்த போஞ்சிக்கொடி அப்போதுதான் பூவெடுத்திருந்தது. இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் காய் பறித்திருப்பார்கள். அவர்கள் போன பிறகு அப்பாயி பறித்து லயத்தில் வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தாராம். தூக்கிக்கொண்டு போக முடியாத அம்மிக்கல்லை அந்த அம்மா அப்பாயியிடம் விட்டுப் போனார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் குழி நடுவில் இல்லை, இடப்பக்கம் சரிந்திருக்கிறது, அந்த அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். எங்கள் வீட்டில் யார் அரைத்தாலும் தேங்காய் ஒரு பக்கம் ஒதுங்கும்.

ஃப்ரோடோவுக்கு ஆப்பிள் பழுப்பதைப் பார்த்துவிட்டுப் போக முடிந்தது. அந்த ஐந்து மாதத்தை வீணாக்கினான் என்று கோபப்படும் பிள்ளைகளுக்கு நான் இந்த அம்மியைக் காட்டுகிறேன். போஞ்சி காய்க்கும்வரை இருக்க முடியாமல் கப்பலேறிய அந்த அம்மாவும் கதாநாயகிதான், அவருடைய கதையை யாராவது எழுத வேண்டும்.

நான் ஒரு மாயக்கதை எழுதுகிறேன். என் கதாநாயகி அக்கரப்பத்தனையிலிருந்து கிளம்புகிறாள். எந்த நாளில் அனுப்பட்டும்?

முதலில் வானத்தைப் பாருங்கள். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் மழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் கொட்டும்போது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வெயிலும் வரண்ட காற்றுமாக இருக்கும். பட்டிப்பொல தாண்டி, 1,898 மீற்றர் உயரத்தில் கோச்சி சுரங்கத்துக்குள் நுழையும்போது மழையும் வெளியே வரும்போது வெயிலுமாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாயக்கதைக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

ஒளிந்து போக வேண்டியவள் என்றால் டிசெம்பர் முதல் மே வரைக்குமான சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் அனுப்புங்கள். ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் வழியெல்லாம் புதுமுகங்கள். மூட்டையோடு ஒருத்தி நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பிறகு அம்மாவைப் பாருங்கள். அவர் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே விடைபெறுவது விடியற்காலையில்தான். கொழுந்தெடுக்க இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டே, ரொட்டியையும் சம்பலையும் கடதாசியில் சுற்றிக்கொண்டே அம்மா பேசட்டும். நீண்ட வசனம் வேண்டாம், நேரமில்லை. சம்பளத்துக்கு முந்திய நாளில் போகிறாள் என்றால் கையில் காசு எப்படி வந்தது என்று எழுதுங்கள், மலையகத்து வாசகர் அதைத்தான் முதலில் கேட்பார்.

நாளை உங்கள் பாத்திரமே குறிக்கட்டும். ஏன் அந்த நாள் என்று அவள் வெளியே சொல்லும் காரணம் ஒன்றும், உள்ளே இருக்கும் காரணம் இன்னொன்றுமாக இருந்தால் நல்லது.

ஃப்ரோடோ இன்னொரு தடவையும் போகிறானாமே?

ஆமாம், திரும்பி வந்து இரண்டு வருடத்தில். அதுவும் செப்டெம்பரில்தான். 21ஆம் திகதி கிளம்புகிறான், 22ஆம் திகதி பில்போவை வழியில் சந்திக்கிறான், 29ஆம் திகதி கப்பலேறுகிறான். இந்த முறை வீட்டைச் சாமுக்கே கொடுத்துவிடுகிறான். ஊருக்கும் சாமுக்கும் பில்போவைப் பார்க்கப் போவதாகத்தான் தெரியும். திரும்பி வரப்போவதில்லை என்பது சாமுக்கு வழியில்தான் விளங்குகிறது.

லீவு பற்றிக் கேட்ட அதே பிள்ளை, “கப்பல் போன அன்னிக்கு அந்த வீட்டக் கூட்டுனாங்களா?” என்று கேட்டாள். அது கதையில் இல்லை. சாம் பொழுது சாயும் நேரத்தில் தனியாக வீடு வந்து சேர்கிறான். உள்ளே விளக்கு எரிகிறது, அடுப்பில் நெருப்பு இருக்கிறது, இராச்சாப்பாடு தயாராக இருக்கிறது. ரோசி அவனை நாற்காலியில் உட்கார வைத்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறாள்.